கறுப்பெண்ணெய் நகரின் கதவுகள்

ஊரைக் காண்பது ஒன்று. ஊர் காட்டப்படுவது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை அறியாதார் எழுதும் பயணக் குறிப்புகள் படிப்போரை மயக்குவனவாகவே அமையும். சீனத்தின் வடமேற்கே, சின்சியாங் உய்குர் தன்னாட்சிப் பகுதியில் உள்ள கராமை என்னும் பாலைவன எண்ணெய் நகரை முன்னிறுத்தி இக்கருத்தினை ஈண்டு ஆராய விழைகின்றோம்.

நகரின் பெயர் உய்குர் மொழிப் பெயராகும். ‘கரா’ என்பது கறுப்பு. ‘மை’ என்பது எண்ணெய். நம் தமிழ் ‘மை’யோடு ஒலியளவில் ஒத்திருப்பது தற்செயலே எனினும், பொருளுக்கும் அது பொருந்தி நிற்பது நமக்கு வியப்பளிக்கின்றது. நகரையடுத்த கறுப்பெண்ணெய்க் குன்றில் நிலத்தைப் பிளந்துகொண்டு எண்ணெய் தானே கசிந்து குமிழியிடுகின்றது. 1955 அக்டோபர் 29ஆம் நாள் இங்குத் தோண்டிய முதற்கிணறு எண்ணெயைத் தந்தது. 1958இல் கராமை நகராயிற்று. சீனத்தின் பல பகுதிகளிலிருந்தும் வந்து குடியேறிய ஹான் இனத்தவர் இன்று இங்குப் பெரும்பான்மையினர். பெயர் தந்த உய்குர் மக்களோ சிறுபான்மையினர்.

வருகை தரும் விருந்தினர்க்குக் காட்டுதற்குரியவை இந்நகரில் மிகப் பல. எண்ணெய்க் கிணறுகள், காற்று அரித்துச் செதுக்கிய ஊர்கோ ‘பேய் நகர’ப் பாறைகள், இர்திசு ஆற்றிலிருந்து கால்வாய் வழியே 2000ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த நீர் ஆகியன அவற்றுட் சில. குடிநீருக்கே அல்லற்பட்ட வறண்ட நிலத்தில் மரங்கள் தழைப்பது போற்றற்குரியதே. கடுங்குளிரிலும் கொடுவெயிலிலும் பாடுபட்ட தொழிலாளர்தம் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் விருந்தினர்க்குக் காட்டப்படாத கதவுகளும் அங்குண்டு.

1994 டிசம்பர் 8ஆம் நாள் அந்நகரின் ‘நட்புறவு’ அரங்கில் கல்வி அதிகாரிகளை மகிழ்விக்க மாணவர் கலைநிகழ்ச்சி நடைபெற்றது. மேடையில் தீப்பற்றியது. வெளியேறும் கதவுகளுள் பெரும்பாலானவை பூட்டப்பட்டிருந்தன. 325 பேர் மாண்டனர். அவர்களுள் 288 பேர் பள்ளிப் பிள்ளைகள். “அதிகாரிகள் முதலில் செல்லட்டும்” என்ற குரல் எழுந்ததாக உயிர் தப்பியோர் கூறினர். 1995இல் அதிகாரிகள் சிலர் தண்டனை பெற்றனர். எனினும் பெற்றோர்தம் துயரம் பொதுவெளியில் பேசப்படவில்லை. சூ சின் என்பார் 2010இல் வெளியிட்ட ‘கராமை’ என்னும் ஆவணப்படம் ஏறத்தாழ ஆறு மணி நேரம் அப்பெற்றோரைப் பேச வைத்தது. தம் பிள்ளைகளுக்காக நீதி கேட்டு வாய் திறந்த ஹான் பெற்றோரும் அந்நாட்டில் அமைதி காக்கப் பணிக்கப்பட்டனர் என்பதனை நாம் மறத்தலாகாது. அங்குள்ள சிக்கல் ஹான் மக்களுக்கும் உய்குர் மக்களுக்கும் இடையிலான பகை மட்டுமன்று என்பது இதனால் தெளிவாகும்.

மூடப்பட்ட மற்றொரு கதவு பேருந்தின் கதவாகும். 2014 ஆகஸ்டில் விளையாட்டு விழா ஒன்றினையொட்டி, முகத்திரை அல்லது தலைத்துணி அணிந்தோர், நீண்ட தாடி வைத்தோர், பிறையும் விண்மீனும் பொறித்த உடை உடுத்தோர் முதலியோர் கராமையின் பேருந்துகளில் ஏறலாகாதென நகர நிருவாகம் தடை விதித்தது. தம் மொழியில் பெயர் பெற்ற நகரில் தம் மகளிர் பேருந்து ஏற இயலாமை எத்துணைக் கொடுமை!

‘பாதுகாப்பின் பொருட்டன்றோ?’ என வினவுவோர் உளர். அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. அதே ஆண்டு மார்ச் முதல் நாள் குன்மிங் இரயில் நிலையத்தில் கத்தியேந்தியோர் நடத்திய தாக்குதலில் 31 பேர் உயிரிழந்தனர். அது கொலையே, எவ்வாற்றானும் நியாயப்படுத்த இயலாதது. கொலைஞனைத் தண்டித்தல் அரசின் கடமை. ஆனால், தாடி கொலைக்கருவி ஆகாது. தலைத்துணி குற்றத்தின் சான்றும் ஆகாது. குற்றவாளியைத் தேடுவதை விடுத்து ஓர் இனத்தின் அடையாளத்தையே குற்றமெனக் கொள்ளுதல் அச்சத்தைப் பெருக்குமேயன்றி அமைதியை வளர்க்காது.

மொழியாசிரியர் என்னும் முறையில் நம் நெஞ்சை மிகவும் வருத்துவது பிறிதொன்று. 11ஆம் நூற்றாண்டில் யூசுப் காசு ஹாஜிப் காசுகரில் நிறைவு செய்த ‘குதத்கு பிலிக்’ என்னும் அறநூல் ஈரடிப் பாக்களால் இயன்றது. அரசனுக்கு நீதியையும் அறிவையும் உரைப்பது. குறள் பயிற்றும் நமக்கு அது அயலானதன்று. அத்தகைய இலக்கியத்தைத் தம் மரபென உரிமை கொண்டாடும் மக்களின் மொழிக்கு நேர்ந்தது யாது? அரசே ஒப்புதல் அளித்து 2003, 2009 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த உய்குர் மொழிப் பாடநூல்களைக் காரணங்காட்டி, அப்பகுதியின் முன்னாள் கல்வித்துறைத் தலைவர் சத்தார் சாவுத் என்பாருக்கு ஈராண்டு நிறுத்திவைப்புடன் மரண தண்டனை விதிக்கப்பட்டது 2021இல் அறிவிக்கப்பட்டது. பாடநூல் தொகுத்தோர்க்குத் தூக்குக் கயிறு எனில், வகுப்பறையில் எந்த ஆசிரியர் அஞ்சாது நிற்பார்?

இந்நிலையில் சென்று வந்தோர் கூறிய சாட்சியம் என்ன? 2019 மார்ச்சில் அபுதாபியில் கூடிய இசுலாமிய ஒத்துழைப்பு அமைப்பின் அமைச்சர் மாநாடு, தன் முஸ்லிம் குடிமக்கள்பால் சீனம் காட்டும் அக்கறையைப் பாராட்டித் தீர்மானம் இயற்றியது. மூன்றாண்டுகளுக்குப் பின், 2022 ஆகஸ்ட் 31இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் வெளியிட்ட அறிக்கையோ, சின்சியாங்கில் நிகழ்ந்த தடுத்துவைப்புகள் மானுடத்திற்கு எதிரான குற்றங்களாகவும் அமையலாம் எனக் கூறியது. சீன அரசு இதனை மறுக்கின்றது. எனினும், சாட்சியம் உண்மையாக இருத்தல் வேண்டும் என்பதனை அறத்தின் உயிராகப் போற்றும் சமுதாயத்தைச் சார்ந்த நாம், எண்ணெயும் வாணிகமும் கருதி நம்மவரே வாய்மூடியதை எண்ணி நாணுகின்றோம்.

ஆகவே, இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு நாம் கூற விழைவது இதுவே: நாளை நீவிர் பணியின் பொருட்டோ கல்வியின் பொருட்டோ எந்நாட்டிற்குச் செல்லினும், உயர்ந்த கட்டடங்களைக் கண்டு வியந்து திரும்பிவிடாதீர். அவ்வூரின் பேருந்தில் ஏற இயலாதவர் யாவர், பள்ளியில் ஒலிக்காத மொழி எது, பேசப்படாத துயரம் யாது என நோக்குமின். நமக்கு வேண்டியவர் செய்யினும் தவறு தவறே. நம்மினத்தார் அல்லார்க்கு இழைக்கப்படினும் கொடுமை கொடுமையே. நம் நாட்டிற்கு வருவோர் நம்மையும் அவ்வாறே நோக்குவர் என்பதனையும் நினைவிற் கொள்ளுதல் நலம்.

நிலத்தடி எண்ணெய் ஒருநாள் வற்றிப்போகும். அந்நகரில் இரு மொழி பேசும் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஏறி, தத்தம் தாய்மொழியிலும் பயிலும் பள்ளிக்குச் செல்லும் நாள் அதற்கு முன்பே வருதல் வேண்டும் என்பது நம் அவா.