நர்ஸ் பதிவுக்கு மாநில எல்லை எதற்கு?

தமிழ்நாட்டில் நர்ஸிங் படித்து, பதிவும் செய்துகொண்டு, கல்யாணமாகி தில்லிக்கு வரும் நம் பெண்கள், இங்குள்ள நர்ஸிங் கவுன்சிலில் மறுபடி பதிவு செய்தாக வேண்டும். அதற்கு ஊர்க் கவுன்சிலின் தடையில்லாச் சான்று, சரிபார்ப்பு என்று ஏகப்பட்ட அலைச்சல்.

பதிவே வேண்டாம் என்பதல்ல என் கட்சி. ஊசி போடுகிறவர் முறையாகப் படித்தவர்தானா என்று நோயாளிக்குத் தெரிய வேண்டாமா? ஆனால் பாடத்திட்டம், 1947-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய நர்ஸிங் கவுன்சில் நாடு முழுவதற்கும் வகுத்தது. தண்டவாளம் ஒரே கேஜ். பிறகு எல்லையில் சரக்கை இறக்கி ஏற்றுவானேன்? மீட்டர் கேஜ் காலத்தில் அந்த அவஸ்தையைப் பார்த்தவன் நான்.

2023-ல் நிறைவேறிய தேசிய ஆணையச் சட்டத்தில் தேசியப் பதிவேட்டுக்கு இடமிருக்கிறது. அந்த ஒரு எண்ணே எல்லா மாநிலத்துக்கும் போதும் என்றாக வேண்டும். அதுவரை, பெண்ணைப் பெற்றவர்களே, கூறைப் புடவை எடுக்கும் முன்பே சான்றுக்கு மனுப் போட்டுவிடுங்கள்.