பைதான் எரர் மிரட்டவில்லை, காப்பாற்றுகிறது! வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஏன் முதல் பாடமாக வேண்டும்?

உபுண்டு லேப்டாப்பில் ஆஸ்ட்ரோபை என்ற வானியல் மென்பொருளை நிறுவப் பார்க்கிறார் ஒரு முதுகலை மாணவர் என்று வைத்துக்கொள்வோம். 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்ததும் ஒரு எரர் வந்து நிற்கிறது. இந்த பைதானை சிஸ்டமே நிர்வகிக்கிறது, இங்கே கை வைக்காதே என்பது அதன் சாரம்.

அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எரரை காப்பி செய்து தேடுவார். 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்ற ஆப்ஷனைச் சேர்த்து அடி, சரியாகிவிடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அடித்ததும் நிஜமாகவே சரியாகிவிடும். 'சிஸ்டத்தை உடை' என்று பெயரிலேயே எழுதி ஒட்டியும் அதை யோசிக்காமல் அடிக்கிறார்கள் என்றால், தப்பு மாணவர்கள் மீது இல்லை. சொல்லிக்கொடுக்கும் வரிசையில்தான் இருக்கிறது.

2023-ல் வந்த உபுண்டு 23.04, டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து இந்தத் தடை இருக்கிறது. காரணமும் நியாயமானது. அந்த லேப்டாப்பில் பைதான் மாணவருக்காக மட்டும் இல்லை. அப்டேட் வந்திருக்கிறது என்று காட்டும் ஜன்னல், கிராஷ் ரிப்போர்ட் கருவி எல்லாமே அதே பைதானில்தான் ஓடுகின்றன. ஒரு பேக்கேஜுக்கு இரண்டு வெர்ஷன் கிடந்தாலும் பைதான் ஒன்றைத்தான் எடுக்கும். மாணவர் தன் தேவைக்கு நிறுவிய வெர்ஷன் முந்திக்கொண்டால், சிஸ்டத்தின் கருவிகளுக்கும் அதுதான் போய்ச் சேரும். அது ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

சிஸ்டம் தப்பித்தாலும் ஆராய்ச்சி தப்பிக்காது. 2024 ஜூனில் நம்பை 2.0 வந்தது. 2006-ல் வந்த 1.0-க்குப் பிறகு முதல் பெரிய வெர்ஷன் மாற்றம் அது. பழைய நம்பையை நம்பி கம்பைல் செய்யப்பட்ட பேக்கேஜ்கள் பல அப்படியே நின்றுபோயின. ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில், வேறு ஏதோ ஒரு சின்ன புராஜெக்டுக்காக ஒரு பேக்கேஜ் நிறுவ, அது கூடவே புது நம்பையை இழுத்துவர, ஆறு மாதமாக ஓடிய கோடு மறுநாள் ஓடாது. மாற்றியது ஒரே ஒரு வரிகூட இல்லை. ஆனால் கிராஃப் வரவில்லை.

இதற்கான மருந்து 2012-ல் வந்த பைதான் 3.3-லிருந்தே மொழியோடு சேர்ந்து வருகிறது. வென்வ் என்று பெயர். 'வெர்ச்சுவல்' என்ற வார்த்தையைக் கேட்டு, கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் என்று பயப்படத் தேவையில்லை. அது ஒரு ஃபோல்டர், அவ்ளோதான். உள்ளே பைதானுக்கு ஒரு இணைப்பும், பேக்கேஜ்களுக்குத் தனி அறையும் இருக்கும். 'ஆக்டிவேட்' செய்வது என்றால், இனி பைதானையும் பிப்பையும் முதலில் இந்த ஃபோல்டரில் தேடு என்று டெர்மினலுக்குச் சொல்வது. டெர்மினலை மூடினால் பழைய நிலை. வேண்டாமென்றால் ஃபோல்டரை டெலீட் செய்தால் போதும், சிஸ்டத்துக்கு ஒரு கீறல்கூட விழாது.

உபுண்டுவில் வென்வ் பேக்கேஜை ஆப்ட் மூலம் தனியாக நிறுவ வேண்டியிருக்கும். பலர் திணறுவது இந்த இடத்தில்தான். பிறகு ஃபோல்டரை உருவாக்கி, ஆக்டிவேட் செய்து, அதே 'பிப் இன்ஸ்டால் ஆஸ்ட்ரோபை'யை அடித்தால் தடை வராது. ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தக் கூடாது, பழைய முகவரி உள்ளே எழுதப்பட்டிருக்கும். புதிதாக உருவாக்குவதே நல்லது.

இதென்ன, புராஜெக்டுக்கு ஒரு நம்பையா என்ற முணுமுணுப்பு நியாயமானதுதான். பைடார்ச் போன்றவை ஜிபி கணக்கில் இடம் பிடிக்கும். ஒரே பிரதியைப் பல ஃபோல்டர்களுக்குப் பகிரும் 'யுவி' போன்ற புதிய கருவிகள் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. ஜிடால் போல, பைதானுக்கு வெளியே உள்ள லைப்ரரிகளும் தேவைப்பட்டால் கோண்டா சுலபம். ஆனால், 200 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் அனகோண்டாவின் சொந்த சேனலைப் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. ஐடி ஊழியர்கள் ஆபீஸ் லேப்டாப்பில் நிறுவுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. கோண்டா-ஃபோர்ஜ் சேனலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

பாடத்திட்டங்கள் லூப்பில் தொடங்குகின்றன. என்விரான்மென்ட் கடைசி வாரத்தில் வரும், பல இடங்களில் வரவே வராது. இதன் விலை என்னவென்று 2019-ல் வெளியான ஒரு ஆய்வு காட்டியது. கிட்ஹப்பில் இருந்த ஜூபிட்டர் நோட்புக்குகளை லட்சக்கணக்கில் எடுத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள். எரர் இல்லாமல் ஓடியவை சுமார் 24 சதவீதம். பழைய முடிவையே தந்தவை சுமார் 4 சதவீதம்தான். எந்த பேக்கேஜ், எந்த வெர்ஷன் என்று எழுதி வைக்காததும் இதில் பெரிய காரணம். 'பிப் ஃப்ரீஸ்' அடித்து வரும் பட்டியலை ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலாகச் சேமிக்க ஒரு வரி போதும். அந்த ஃபைல் இல்லாத ஆய்வேட்டை கைடு திருப்பி அனுப்பலாம். ஃபான்ட் சைஸுக்காகத் திருப்பி அனுப்புவதைவிட இது பயனுள்ளது.

அதுவே முழுப் பாதுகாப்பு என்றும் சொல்ல முடியாது. வேதியியலில் மூலக்கூறுகளின் என்எம்ஆர் கணக்குகளுக்காக 2014-ல் வெளியான பைதான் ஸ்கிரிப்ட்களைப் பல ஆய்வாளர்கள் பயன்படுத்தினார்கள். 2019-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே தரவை வெவ்வேறு ஆப்பரேட்டிங் சிஸ்டங்களில் ஓட்டியபோது விடை மாறியது. ஃபைல்களின் பட்டியலை ஒவ்வொரு சிஸ்டமும் வெவ்வேறு வரிசையில் கொடுத்ததுதான் காரணம். அந்தப் பிழையை எந்த வென்வும் பிடித்திருக்காது. அதனால் ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலுக்குப் பக்கத்தில் பைதான் வெர்ஷன் என்ன, எந்த சிஸ்டத்தில் ஓட்டியது என்றும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டியிருக்கிறது.