இங்கிலீஷ் வழக்கும் பிறவி இழிவும்

இங்கிலீஷில் "பூனையும் நாயுமாய் மழை பெய்கிறது" என்றால், நம்மவர் "பேய்மழை" என்பதுதான் அர்த்தம். அங்கு நாய் விழுவதுமில்லை. இங்கு பேய் இருப்பதுமில்லை. இவ்வழக்குகளால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் எல்லா வழக்கும் அப்படியல்ல. "நீல இரத்தம்" என்றால் உயர்குலமாம்! ஸ்பெயின் தேசத்துப் பிரபுக்கள் தங்கள் வெளுத்த தோலில் நரம்பு நீலமாய்த் தெரிவதைக் காட்டி, மூர்கள், யூதர்கள் கலப்பற்றவர்கள் என்று பெருமையடித்ததிலிருந்து வந்தது. ஊசியால் குத்தினால் எந்தப் பிரபுவுக்கும் சிவப்புத்தானே வரும்?

இதனினும் கேடானது "பரையா" என்பது. எல்லோராலும் ஒதுக்கப்பட்ட மனிதனையும் நாட்டையும் இங்கிலீஷ் பத்திரிகைகள் இன்றும் இப்படித்தான் எழுதுகின்றன. பறை என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்து, 17-வது நூற்றாண்டில் அங்கு போன சொல் இது. உழைக்கும் ஒரு சமூகத்தின் பெயரை வசையாக்கியது யார்? வெள்ளைக்காரன் இங்கு கண்டதை எழுதிக்கொண்டான். ஒதுக்கி வைத்தது இந்நாட்டு ஜாதிமுறையேயாகும்.

1950-ல் அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பேச்சிலிருந்து ஒழிந்ததா? ஆகவே, இங்கிலீஷ் படிக்கும் வாலிபர்கள் அர்த்தத்தோடு பிறப்பையும் விசாரித்தறிந்து, இச்சொல்லை வாயாலும் பேனாவாலும் தொடாமலிருக்க வேண்டுகிறோம்.