அனுப்புநர் முகவரியை யார் எழுதுவது?

பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லித் தரும்போது முதலில் வருவது 'அனுப்புநர்', அடுத்துதான் 'பெறுநர்'. ஆனால் கணினி வலையமைப்பில் கோளாறு என்றால் பெரும்பாலானவர்கள் பெறுநரைப் பற்றி மட்டுமே கவலைப்படுகிறார்கள். போய்ச் சேர்கிறதா, ஃபயர்வால் தடுக்கிறதா என்று மணிக்கணக்கில் சோதிப்பார்கள். அனுப்புநர் முகவரியாக எது போகிறது என்று மட்டும் பார்ப்பதில்லை. ஒரே இணைய இணைப்பு உள்ள கணினியில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு இணைப்பு இருந்தால்? அங்கேதான் வினை ஆரம்பம்!

ஒரு சிறிய நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். ஊழியர்களின் சம்பளப் பட்டியலை வங்கிக்கு அனுப்ப ஒரு லினக்ஸ் சர்வர் இருக்கிறது. 192.0.2.10 என்ற முகவரியில் இருந்து வந்தால் மட்டுமே வங்கி கதவைத் திறக்கும். (இங்கே வரும் எண்கள் விளக்கத்துக்காகவே ஒதுக்கப்பட்டவை.) ஒரு லைன் போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று வேறொரு நிறுவனத்தின் லைனையும் வாங்கி அதே சர்வரில் செருகுகிறார்கள். அதன் முகவரி 198.51.100.20. மாதக் கடைசியில் சம்பளம் போகவில்லை! "நெட் நன்றாகத்தான் இருக்கிறது, வங்கிப் பக்கம்தான் கோளாறு" என்கிறார் சர்வரைப் பார்ப்பவர். "இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது" என்கிறது வங்கி. நெட்டும் சரி, வங்கியும் சரி. புதிய லைனின் ரூட்டுக்கு மெட்ரிக் எண் குறைவாக அமைந்துவிட்டதால் பாக்கெட்டுகள் அந்த வழியாக, 198.51.100.20 என்ற முகவரியோடு போகின்றன. மாதிரிக் கையெழுத்து கொடுக்காத பங்குதாரர் காசோலையில் கையெழுத்திட்டால் வங்கி திருப்பி அனுப்பாதா? அதே கதைதான்.

இந்த முகவரியைத் தேர்ந்தெடுத்தது யார்? மென்பொருள் எதுவும் சொல்லாவிட்டால் இயங்குதளமே தேர்ந்தெடுக்கும். லினக்ஸ் முதலில் ரூட்டிங் டேபிளில் போகவேண்டிய வழியைப் பார்க்கிறது. அந்த வழியில் 'இந்த முகவரியைப் போடு' என்று எழுதியிருந்தால் அதைப் போடும். இல்லையென்றால் வெளியே போகும் இன்டர்ஃபேஸில் இருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே கோளாறு என்றதும் முதல் கேள்வியை லினக்ஸிடமே கேட்பது நல்லது. 'ஐபி ரூட் கெட்' என்ற கட்டளையோடு வங்கியின் முகவரியைக் கொடுத்தால், எந்த வழி, எந்த அனுப்புநர் முகவரி என்று ஒரே வரியில் பதில் வரும். மென்பொருளே ஒரு முகவரியைப் பிடித்து வைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் டிசிபிடம்ப் கொண்டு நிஜமாகவே என்ன போகிறது என்றும் பார்த்துவிடவேண்டும். இந்த இரண்டும் முடியாமல் ஃபயர்வாலில் கை வைப்பது இருட்டில் ஊசி தேடுவதுதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. முகவரி வேறு, வழி வேறு. மென்பொருளில் 192.0.2.10 என்று கட்டிப்போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். போதாது! சாதாரண அமைப்பில் லினக்ஸ் பெறுநரைப் பார்த்துத்தான் வழியை முடிவு செய்கிறது. முதல் லைனின் முகவரியைச் சுமந்த பாக்கெட் இரண்டாவது லைன் வழியே வெளியேறும். 'இது என் வாடிக்கையாளரின் முகவரி இல்லையே' என்று அந்த இணைய நிறுவனம் அதைச் சத்தமில்லாமல் வீசிவிடலாம். போலி முகவரித் தாக்குதல்களைத் தடுக்க இப்படி வடிகட்டவேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே ஆர்.எஃப்.சி 2827 சொல்லிவிட்டது. அதில் தவறு இல்லை. 'இந்த முகவரியில் இருந்து போவது இந்த லைனில்தான் போகவேண்டும்' என்று 'ஐபி ரூல்' மூலம் விதி எழுதி, ஒவ்வொரு லைனுக்கும் தனி ரூட்டிங் டேபிள் வைப்பதே சரியான தீர்வு.

"எல்லாவற்றையும் கையால் எழுதினால் முகவரி மாறும்போது உடையுமே, தானாகவே தேர்ந்தெடுக்கட்டும்" என்று சிலர் வாதிடுவார்கள். வீட்டு மடிக்கணினிக்கு அது சரி. ஆனால் தானாகத் தேர்ந்தெடுக்கும் விதியும் மாறக்கூடியதுதான். ஐபி பதிப்பு 6-க்கு 2003-இல் வந்த ஆர்.எஃப்.சி 3484, தற்காலிக முகவரியைவிட நிலையான பொது முகவரிக்கே முன்னுரிமை தந்தது. 2012-இல் அதன் இடத்துக்கு வந்த ஆர்.எஃப்.சி 6724 அதைத் தலைகீழாக்கியது! இயல்பு அமைப்பை நம்பி வங்கியில் ஒரு முகவரியைப் பதிவு செய்தவர் கதி என்ன?

முகவரியைப் பார்த்து அடுத்தவர் அனுமதிக்கும் சர்வரில் அதை எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. அது உடைந்தால் எங்கே உடைந்தது என்றாவது தெரியும். இரண்டாவது முகவரியையும் வங்கியில் பதிவு செய்யவேண்டும். பிறகு வேலை குறைவான ஒரு நாளில் முதல் கேபிளைப் பிடுங்கிவிட்டு வங்கி இணைப்பு கிடைக்கிறதா என்று சோதிக்கவேண்டும். இதைச் செய்யாதவரை இரண்டாவது லைன் என்பது மாதாமாதம் கட்டும் பில் மட்டுமே. சம்பளத்துக்குக் காத்திருக்கும் ஊழியருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.