திறப்புக் கோர்வையில் ஒரு சின்ன வெளிச்சம்



இந்த மாதம் ஒரு வாசகிச் சகோதரியின் கடிதத்தோடு தொடங்குகிறேன். கட்டாரில் தொழில் செய்யும் அவருடைய மகன் லீவில் வருகிறாராம். "உம்மா, திறப்புக் கோர்வையில் மாட்டுகிற சின்ன டோர்ச் ஒன்று கொண்டு வரவா? விலை கொஞ்சம் கூட, ஆனால் நல்ல சாமான். இரண்டு மூன்று வகை இருக்கிறது, எதை வாங்க?" என்று கேட்டிருக்கிறார். பிள்ளையின் வாப்பாவோ, "ஃபோனிலேயே லைட் இருக்கும்போது விரலளவு டோர்ச்சுக்கு ஏன் இத்தனை காசு?" என்று சத்தம் போடுகிறாராம். யார் சொல்வது சரி என்று எழுதும்படி கேட்டிருக்கிறார் சகோதரி.

வாப்பாவின் கேள்வி நியாயமானதுதான். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரைக்கும். அந்த மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது உங்களுக்கு மறந்திருக்காது. அப்படியொரு இரவில் என் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கொதித்தது. ஃபோனில் மூன்று வீதம் சார்ஜ்தான் மிச்சம். மெழுகுதிரியைப் பற்றவைத்து மருந்துப் பெட்டியைத் திறந்தேன். பழுப்பு நிறத்தில் ஒரே அளவான இரண்டு போத்தல்கள். ஒன்று பரசிட்டமோல் சிரப், மற்றது பெரியவர்களுக்கான இருமல் மருந்து. லேபிளின் எழுத்து எனக்குத் தெரியவில்லை. ஒரு போத்தலை எடுத்துக் கரண்டியில் ஊற்றியும்விட்டேன். பிள்ளையின் வாயருகே கொண்டு போகும்போதுதான் மணம் மூக்கில் பட்டது. அது இருமல் மருந்து! அல்ஹம்துலில்லாஹ், அன்று மூக்கு காப்பாற்றியது. அடுத்த கிழமையே ஒரு சின்ன டோர்ச் வாங்கித் திறப்போடு கோர்த்துவிட்டேன்.

ஃபோன் லைட் கெட்டதல்ல. ஆனால் கரண்ட் இல்லாத நேரத்தில் ஃபோனின் சார்ஜ் டொக்டருக்குப் பேசவும் த்ரீவீலர் கூப்பிடவும் வேண்டியிருக்கிறது. அதை வெளிச்சத்துக்குச் செலவழிப்பது, குடிக்கிற தண்ணீரில் முற்றம் கழுவுவது மாதிரி. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனதே, பாணந்துறை உபமின் நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சரே சொன்னாரே! குரங்கு நம்மிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை.

சரி, எதை வாங்குவது?

கடைக்காரர் முதலில் சொல்வது லுமன் கணக்கு. இதில் மயங்க வேண்டாம். லுமன் நாலு மடங்கானால்தான் நம் கண்ணுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு வெளிச்சமாகத் தெரியும். அது மட்டுமல்ல, இந்தச் சின்ன உடம்புக்குள் பெரிய வெளிச்சம் எரிந்தால் சூடேறிக் கை சுடும். ஆகவே ஒரு சில நிமிடங்களில் டோர்ச் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். பெட்டியில் அச்சடித்த பெரிய இலக்கம் அந்தச் சில நிமிடத்துக்குரியது. வாங்கும்போது நான் பார்ப்பது ஆகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு என்பதைத்தான். ஸஹருக்கு எழும்பும்போது, தொட்டில் பிள்ளையின் நப்பி மாற்றும்போது, ஒன்றிலிருந்து ஐந்து லுமன் தாராளம். பக்கத்தில் படுத்திருப்பவர் புரளவும் மாட்டார். முதலில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சத்தில் எரிந்து, இரண்டாம் அமுக்கலில்தான் குறைகிற டோர்ச்சுகளும் இருக்கின்றன. அவை தாய்மாருக்கு உதவாது.

வெளிச்சத்தின் நிறத்தையும் கவனியுங்கள். மலிவான டோர்ச்சில் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் வரும். அதில் கறுப்பு அபாயாவும் கடும்நீல அபாயாவும் ஒன்றுபோலத் தெரியும், பிள்ளையின் உடம்பில் சிவப்புத் தடிப்பு இருந்தாலும் சரியாகப் பிடிபடாது. நிறங்களை உள்ளபடி காட்டும் பல்புக்கு சீஆர்ஐ 90 அல்லது அதற்கு மேல் என்று குறித்திருப்பார்கள். அப்படிப்பட்ட பல்பு லுமனில் சற்றுக் குறைவாகவே இருக்கும். இருந்தால் இருக்கட்டும்.

இனி பெட்டரி. மகன் சொன்ன வகைகளில் இரண்டைச் சகோதரி பெயரோடு எழுதியிருக்கிறார். ஒன்று ஓலைட் ஐ3டி. இதற்கு ரிமோட்டுக்குப் போடுகிற மெல்லிய டிரிபிள் ஏ பெட்டரி ஒன்று போதும். 180 லுமனும் 5 லுமனுமாக இரண்டே நிலைகள், குறைந்ததில் 16 மணித்தியாலம் எரியும் என்பது கம்பனியின் கணக்கு. மற்றது நைட்கோர் டிப். சார்ஜ் செய்யும் பெட்டரி உள்ளேயே இருக்கிறது. 1 லுமனிலிருந்து 360 வரை நாலு நிலைகள், ஆகக் குறைந்ததில் 46 மணித்தியாலம். காகிதத்தில் பார்த்தால் இரண்டாவதுதான் வெல்லும். அதன் பெட்டரிக்குள் அடங்கும் சக்தியும் அதிகம்.

ஆனால் வீட்டிலிருக்கும் பெண்ணுக்கு நான் முதலாவதைத்தான் சொல்வேன். உள்ளே பூட்டிய பெட்டரி சில வருடங்களில் களைத்துப் போகும், அதை மாற்ற முடியாது, டோர்ச்சையே வீச வேண்டியதுதான். அதைவிட முக்கியம், இரண்டு நாள் கரண்ட் இல்லாவிட்டால் அதை எதில் சார்ஜ் போடுவது? 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்களை நினைத்துப் பாருங்கள். டிரிபிள் ஏ பெட்டரி என்றால் ஊர்க் கடையிலும் கிடைக்கும், ரிமோட்டிலிருந்தும் கழற்றலாம்! தினமும் வேலைக்குப் போய் ஃபோனோடு சேர்த்து இதையும் சார்ஜ் போடும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு மற்றது பொருந்தும். மகன் அதைத் தனக்கு வாங்கிக்கொள்ளட்டும்.

டிரிபிள் ஏ வாங்குகிறவர்கள் சாதாரண அல்கலைன் பெட்டரியை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டுவிடாதீர்கள். அது கசிந்து டோர்ச்சை அரித்துவிடும். எங்கள் மாமியின் டோர்ச் அப்படித்தான் போனது, இறுகிப்போன மூடியைக் குறடு வைத்தும் கழற்ற முடியவில்லை. சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகை டிரிபிள் ஏ இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. அதே பருமனில் 3.7 வோல்ட் லித்தியம் பெட்டரியும் கடையில் இருக்கிறது. டோர்ச் அதற்கென்று செய்யப்படாவிட்டால் அதைப் போடவே கூடாது, உள்ளிருக்கும் பாகம் கருகிவிடும். மகன் தனியாக லித்தியம் பெட்டரி ஏதும் கொண்டு வந்தால் விமானத்தில் அதைக் கையில் கொண்டு போகும் பேக்கிலேயே வைக்கச் சொல்லுங்கள், பெரிய பெட்டியில் போடக் கூடாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். பாதையோரக் கடைகளில் பொம்மை போன்ற கீ டெக் டோர்ச்சுகள் தொங்குகின்றன. அவற்றுக்குள் இருப்பது பொத்தான் போன்ற வட்டப் பெட்டரி. பல டோர்ச்சுகளில் ஆணியே இல்லை, பிள்ளை நிலத்தில் ஒரு தட்டுத் தட்டினால் மூடி கழன்றுவிடும். 20 மில்லிமீற்றர் அகலமான லித்தியம் பொத்தான் பெட்டரி குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உள்தசையைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். வெளிச்சம் தராத பழைய பெட்டரியிலும் அந்த ஆபத்து இருக்கிறது. பிள்ளை அழாமலும் இருக்கலாம், எச்சில் வடிதலும் சாப்பாட்டை மறுப்பதும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், சோறு தண்ணீர் கொடுக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு வயதுக்கு மேற்பட்ட, விழுங்கக்கூடிய பிள்ளையென்றால், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கொருமுறை இரண்டு தேக்கரண்டி தேன் கொடுக்கலாம் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். தேன் தேடித் தாமதிக்க வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தேன் கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வகை டோர்ச் இருந்தால் இன்றைக்கே எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

சுவிட்ச்சைப் பற்றியும் கேட்டிருக்கிறார். பக்கத்தில் மெல்லிய பொத்தான் உள்ளதை ஹேண்ட்பேக்கில் போட்டால் சீப்பும் சில்லறையும் பட்டு அதுவாகவே எரியும். ஒருமுறை என் பேக் வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று திறந்து பார்த்தால், உள்ளே டோர்ச் எரிந்துகொண்டிருக்கிறது! தலையைத் திருகி எரிய வைப்பது அல்லது அடிப்பக்கத்தில் கடினமாக அமுக்குவது உத்தமம். திருகுவதற்கு இரண்டு கை வேண்டும், இடுப்பில் பிள்ளை இருந்தால் சிரமம். ஆகவே அடியில் அமுக்குவதே என் விருப்பம். மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வைத்தால் பல டோர்ச்சுகள் தற்செயலாகவும் எரியாது. வாங்கியதும் செய்து பாருங்கள்.

உடம்பு அலுமினியமா, பித்தளையா, டைட்டானியமா என்பது நகைக்கடைப் பேச்சு. டைட்டானியம் துருப்பிடிக்காது, அழகு, விலையோ இரண்டு மூன்று மடங்கு. பித்தளை பாரம், திறப்போடு சேர்ந்து அபாயாப் பையை இழுக்கும். அலுமினியம் போதும். ஐபிஎக்ஸ் 8 என்று போட்டிருந்தால் தண்ணீரில் விழுந்தாலும் பிழைக்கும். கிணற்றடியில் புழங்குகிறவர்களுக்கு அது தேவை.

ஒரு டோர்ச் வந்ததும் சகோதரி செய்ய வேண்டியது, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து, வீட்டிலுள்ள ஆக வயதானவரின் கையில் டோர்ச்சைக் கொடுத்து லேபிளை வாசிக்கச் சொல்வது. எங்கள் மாமி வாசித்தார். வாசித்ததோடு, அதில் ஒரு மருந்து போன வருடமே காலாவதியாகிவிட்டது என்று எனக்கு ஏச்சும் தந்தார். இப்போது அந்த டோர்ச் மாமியிடம்தான் இருக்கிறது. நான் வேறொன்று வாங்க வேண்டும்.