வெறுங்கால் வீரர்கள்

பந்தாட்டத்தில் அரசியல் ஏது என்று சிலர் கேட்கிறார்கள். 1911 ஜூலை 29 அன்று கல்கத்தாவில் நடந்ததை அவர்கள் அறியட்டும்!

அது ஐ.எஃப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டம். ஒருபுறம் கிழக்கு யார்க்‌ஷயர் வெள்ளைப் பட்டாளம். மறுபுறம் மோகன் பகான். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்கால்! முதல் கோல் பட்டாளத்துக்கு. ஆனால் சிவதாஸ் பாதுரியும் அபிலாஷ் கோஷும் ஆளுக்கொரு கோல் போட்டு, 2–1 என வென்று காட்டினார்கள். வெள்ளையனை வெல்ல முடியாது என்ற பொய் அன்று மைதானத்திலேயே செத்தது.

2000-ம் ஆண்டு பிரெஞ்சுக் கோப்பையிலும் இப்படியொரு அதிசயம். வேறு வேலை பார்த்துப் பிழைத்தவர்கள் ஆடிய கலே நகரத்து நான்காம் தர அணி, பிரான்சின் சாம்பியன் பார்தோவையே வீழ்த்தி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அங்கே நான்த் அணியிடம் 1–2 எனத் தோற்றது. ஆயினும் வென்ற அணியின் தலைவர், கலே தலைவரையும் அழைத்துச் சேர்ந்தே கோப்பையை உயர்த்தினார்.

திறமை ஏழை வீட்டிலும் பிறக்கிறது. அதற்கு இல்லாதது இடமும் நேரமுமே. எண்ணிக்கைக் கூலிக்குப் பட்டாசு செய்யும் இளைஞனுக்கு அந்திப் பொழுது ஏது? இருக்கன்குடி முதல் சிவகாசி வரை ஊர்தோறும் மைதானம் வேண்டும். ஆடுவதற்கு ஓய்வும், ஓடுவதற்குத் தெம்பு தரும் கூலியும் வேண்டும். பூட்ஸ் பிறகு வரட்டும்!