பெயரில்லாத போலீஸ் தாத்தா

1901, மார்ச் 31. ஞாயிற்றுக்கிழமை. அன்றிரவு எந்த வீட்டில் யார் யார் தங்கியிருந்தார்கள் என்று அயர்லாந்து முழுக்கக் கணக்கெடுத்தார்கள். பெயர், வயது, மதம், எழுதப் படிக்கத் தெரியுமா, ஐரிஷ் பேசுவாரா... எல்லாம் படிவத்தில் ஏறியது. வீடு வீடாகப் போய் அந்தப் படிவங்களை வாங்கிச் சரிபார்த்தவர்களில் பெரும்பாலோர் போலீஸ்காரர்கள்.

ஊரையே எண்ணி முடித்த அந்த போலீஸ்காரர்கள், தாங்கள் தங்கியிருந்த பாரக்ஸுக்கும் ஒரு படிவம் நிரப்பினார்கள். ஆனால், அதில் முழுப்பெயர் கிடையாது. ஜே.எம்., டி.கே. என்று முதலெழுத்துகள் மட்டும்தான்!

இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்கள் பல முட்டிக்கொண்டு நிற்கும் இடம் இதுதான். வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கும். மீசை வைத்த ஒருவர், உயரமான காலர், கறுப்பாகத் தெரியும் உடுப்பு. 'எள்ளுத்தாத்தா அயர்லாந்துல போலீஸ்' என்று ஒரே ஒரு வரியைப் பாட்டி சொல்லியிருப்பார். அதற்கு மேல் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவரைத் தேட முடியுமா? முடியும். அதற்கு முதலில் அவர் வேலை பார்த்த படையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போட்டோவில் இருப்பது கறுப்பு உடுப்பு அல்ல. கறுப்போ என்று நினைக்க வைக்கும் கரும்பச்சை. 1822இல் கவுண்டிவாரியாகத் தொடங்கிய போலீஸை 1836இல் ஒரே தலைமையின் கீழ் கொண்டுவந்தது பிரிட்டிஷ் அரசு. அதுதான் ஐரிஷ் கான்ஸ்டபுலரி. 1867இல் ஃபீனியன் கிளர்ச்சியை ஒடுக்கியதற்குப் பரிசாக விக்டோரியா மகாராணி 'ராயல்' பட்டம் கொடுத்தார். 1922இல் படை கலைக்கப்பட்டது. டப்ளின் நகரத்துக்கு மட்டும் தனி போலீஸ். தாத்தா டப்ளின் நகர போலீஸ் என்றால் தேட வேண்டிய ஏடு வேறு.

இந்தப் படை நமக்கும் ரொம்ப தூரமில்லை. 1843இல் சிந்து மாகாணத்தைப் பிடித்த சார்லஸ் நேப்பியர், அங்கே போலீஸ் அமைத்தபோது மாதிரியாக எடுத்துக்கொண்டது ஐரிஷ் கான்ஸ்டபுலரியைத்தான். 1861இன் இந்திய போலீஸ் சட்டத்திலும் அதன் சாயல் உண்டு.

சாதாரண போலீஸ் வேலை அல்ல இது. துப்பாக்கி தூக்கிய, ராணுவ ஒழுங்குள்ள படை. பயிற்சி, டப்ளின் ஃபீனிக்ஸ் பார்க்கில். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகளின், கூலிக்காரர்களின் பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் கத்தோலிக்கர்கள். நிலம் போதாத வீட்டில் இரண்டாவது, மூன்றாவது பையனுக்கு மாதச் சம்பளமும் கடைசியில் பென்ஷனும் கிடைப்பது சின்ன விஷயமா?

ஆனால், அதற்கு ஒரு விலை உண்டு. சொந்த கவுண்டியில் வேலை பார்க்கக் கூடாது. ஏழு வருட சர்வீஸ் முடியாமல் கல்யாணம் கூடாது. அதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கல்யாணம் ஆனால், மனைவியின் கவுண்டியிலும் வேலை பார்க்க முடியாது. ஊர்க்காரர்களோடு ஒட்டு உறவு வந்துவிடக் கூடாது என்பதுதான் கணக்கு. எந்த ஊருக்குப் போனாலும் அவர் வெளியூர்க்காரர்.

தேடுகிறவர்கள் தடுமாறுவதும் இதனால்தான். தாத்தா பிறந்தது ஒரு கவுண்டி, கல்யாணம் இன்னொன்றில், முதல் பிள்ளை வேறொன்றில், கடைசிப் பிள்ளை எங்கோ. ஒரே ஊரின் சர்ச் பதிவேட்டில் குடும்பம் முழுக்கக் கிடைக்காது.

பழைய மக்கள்தொகைக் கணக்கும் கைகொடுக்காது. 1821 முதல் 1851 வரையிலான படிவங்களில் பெரும்பாலானவை, 1922 ஜூனில் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் எரிந்து சாம்பலாயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே அழித்துவிட்டது. முழுசாக மிஞ்சியவற்றில் பழையது 1901இன் கணக்குதான். அதில்தான் தாத்தா வெறும் இரண்டு எழுத்தாக இருக்கிறார்.

ஆனால், ஒரு ஏடு தப்பிவிட்டது. 1816 முதல் 1922 வரை படையில் சேர்ந்த சுமார் 85,000 பேரின் சர்வீஸ் ரிஜிஸ்டர், இன்று லண்டன் க்யூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதன் பிரதிகளைக் கட்டணம் வாங்கும் வம்சாவளித் தளங்களில் போனிலேயே பார்க்கலாம்.

ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர், ஒரு வரி. அந்த வரியில் சேர்ந்தபோது வயது, பின்ன அங்குலம்கூட விடாமல் உயரம், மதம், சொந்த கவுண்டி, முன்பு செய்த தொழில், சிபாரிசு செய்தவர், கல்யாணத் தேதி, மனைவியின் கவுண்டி, வேலை பார்த்த இடங்கள், பரிசுகள், தண்டனைகள், பென்ஷனா, ராஜினாமாவா, நீக்கமா, மரணமா என்பது வரை உண்டு. பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாத விவரம் ஒற்றை வரியில்!

ஒரே பெயரில் பல பேர் இருப்பார்கள். மர்ஃபியும் கெல்லியும் அங்கே நம்மூர் முருகனும் குமாரும் மாதிரி. எனவே பெயரை மட்டும் நம்பக் கூடாது. சொந்த கவுண்டி, வயது, மதம், மனைவியின் கவுண்டி - இதில் மூன்றாவது பொருந்த வேண்டும். 1864 முதல் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் ஏறியிருக்கின்றன. பழைய பதிவுகளை அயர்லாந்து அரசின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பிள்ளையின் பிறப்புப் பதிவில் அப்பாவின் தொழிலும் ஊரும் இருக்கும். அதை ரிஜிஸ்டரின் கவுண்டி வரிசையோடு ஒப்பிட்டால் ஆள் இவரா, வேறொருவரா என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

பதவிப் பெயரில் ஒரு பொறி இருக்கிறது. 1883 வரை கடைநிலைக்காரர் 'சப்-கான்ஸ்டபிள்'; அவருக்கு மேலே இருந்தவர்தான் 'கான்ஸ்டபிள்'. அந்த வருடம் பெயர்களை மாற்றினார்கள். சப்-கான்ஸ்டபிள், கான்ஸ்டபிள் ஆனார். பழைய கான்ஸ்டபிள், சார்ஜென்ட் ஆனார். 1885இல் 'கான்ஸ்டபிள்' என்று இருந்தால், தாத்தாவுக்குப் பிரமோஷன் என்று துள்ள வேண்டாம். பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியிருக்கலாம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. பாட்டி ஏன் பேச்சை மாற்றினார்?

ரிஜிஸ்டரில் இருக்கும் கவுண்டியையும் வருடத்தையும் அந்தக் கால வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் காரணம் புரியும். உருளைக்கிழங்கு அழுகி லட்சக்கணக்கானோர் செத்த 1840களின் பஞ்சத்தில், வாடகை கட்ட முடியாத குடியானவர்களைக் குடிசையிலிருந்து வெளியேற்றியபோது காவலுக்கு நின்றது இந்தப் படை. 1880இல் மேயோ கவுண்டியில் கேப்டன் பாய்காட் என்ற எஸ்டேட் ஏஜென்ட்டை ஊரே ஒதுக்கிவைத்தது. 'பாய்காட்' என்ற சொல் பிறந்ததே அவர் பெயரால்தான். அவருடைய அறுவடைக்குக் காவல் நின்றவர்களிலும் இந்த போலீஸ்காரர்கள் உண்டு. அந்த நிலப் போராட்ட வருடங்களில் போலீஸுக்கு சாமான் விற்கவும் சில கடைக்காரர்கள் மறுத்தார்கள்.

விவசாயி மகன், இன்னொரு விவசாயி வீடு இடிபடும்போது துப்பாக்கியோடு நிற்கிறார். அதுதான் அவருடைய டியூட்டி. அந்தச் சம்பளத்தில்தான் அவர் பிள்ளைகள் சாப்பிட்டார்கள், படித்தார்கள். இரண்டும் உண்மை.

1919இல் சுதந்திரப் போர் தொடங்கியபோது, டிப்பரரியில் முதல் நாளே சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் இந்தப் படையைச் சேர்ந்த இரண்டு ஐரிஷ்காரர்கள். அதன் பிறகு 'எங்க வீட்டிலயும் ஒரு போலீஸ் இருந்தார்' என்று எத்தனை குடும்பங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்கும்? 2020 ஜனவரியில் அயர்லாந்து அரசு இவர்களை நினைவுகூர ஒரு நிகழ்ச்சிக்கு ஏற்பாடு செய்து, கடும் எதிர்ப்பு வரவே தள்ளிவைத்தது. படை கலைந்து நூறு வருடம் ஆகும் நேரத்திலும் அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை.

தாத்தாவைத் தேடுகிறவர் அவரை ஹீரோ ஆக்கவும் வேண்டாம், வில்லன் ஆக்கவும் வேண்டாம். எந்த வருடம், எந்த ஊரில் இருந்தார் என்று தெரிந்துகொண்டாலே போதும். பாட்டியின் மௌனத்துக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

முதலெழுத்தாக நின்றுபோன அந்தப் பெயருக்கும் ஒரு வழி இருக்கிறது. பாரக்ஸ் படிவத்தில் கிடைக்காதவரை, பக்கத்துத் தெரு வீடுகளின் படிவங்களில் தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் 'இது சரி' என்று கணக்கெடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கெடுக்கப் போனவர் தாத்தாதான் என்றால், ஊரார் வீட்டுப் பெயர்களுக்கெல்லாம் கீழே அவருடைய பெயரும் இருக்கும். அவர் கைப்பட எழுதியதாக!